கடைசிக் கிளையில் இருபத்து மூன்று பேர்

"ஒரு வாரங்கூட விடலையேய்யா நீங்க!"

வசுந்தரா மருத்துவமனை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு கட்டங்கள், ஐம்பத்திரண்டிலும் டிக். ஓரத்தில், மாத்திரையின் அளவை டாக்டர் இரண்டு தடவை கூட்டியிருந்தார்.

மலைச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனையூரில் அவருடைய ஒற்றை அறைக்கு ஆள் வந்து பல மாதமாம். இருந்த ஒரே நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டு, அரிசி டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

தல்லாகுளத்தில் ஒரு மருத்துவ ஆய்வில் வசுந்தராவுக்குக் கணக்குப் பார்க்கும் வேலை. ரத்த அழுத்தக்காரர்களில் மருந்தை நடுவில் விடுகிறவர்கள் யார் என்பதுதான் கேள்வி. அழுத்தம் இறங்காதவர்கள் புதன்தோறும் வந்து ஏழு நாள் மாத்திரை வாங்க வேண்டும். இறங்கியவர்களுக்கு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். வந்து வாங்கினால் ஒரு டிக்.

அடுத்த மாதம் முதல் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்க ஆள் போடப்போகிறார்கள். யார் வீட்டுக்குப் போக வேண்டாம் என்ற பட்டியலை அவள் நாளைக்கு ஃபிளாப்பியில் கொடுத்தாக வேண்டும். அதற்குள் ஒருவரையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று டவுன் பஸ் ஏறியிருந்தாள்.

"என்னைய எப்பிடித் தாயி கண்டுபிடிச்சீக?"

விளக்கம் கேட்டுவிட்டால் அவளுக்குப் பஸ் நேரம் மறந்துபோகும். "முதல்ல ரிக்ரஷன்னு ஒரு கணக்குய்யா. வயசு, தூரம், தனியா இருக்கிறது, ஒவ்வொண்ணும் எவ்வளவு இழுக்குதுன்னு எல்லாருக்கும் சேர்த்து ஒரே எடை போடும். தனியா இருக்கிறதால ஒரு வித்தியாசமும் இல்லைன்னு சொல்லிருச்சு."

"ஓகோ."

"எனக்கு மனசு ஆறலை. அதே விவரத்தை முடிவு மரம்னு இன்னொரு கணக்குல போட்டேன். அது ஒவ்வொரு கேள்வியாக் கேட்டு ஆளைப் பிரிச்சுக்கிட்டே போகும். தனியா இருக்காரா? ஆமா. அறுபது தாண்டியாச்சா? இல்லைன்னா ஒரு கிளை. அதுல பாதிப் பேர் மருந்தை விட்டவங்க. ஆமான்னா இன்னொரு கிளை. அதுல ஒருத்தர்கூட விடலை! ரெண்டையும் ஒண்ணாப் போட்டதுல சமமாகி, முதல் கணக்குல தெரியாமப் போச்சு."

"கம்ப்யூட்டருக்குள்ள மரமா? வேம்பா, புளியா?" சிரித்தார். "அதுல நான் எங்க ஒக்காந்திருக்கேன்?"

"கடைசிக் கிளையில. உங்களோட சேர்த்து இருபத்து மூணு பேர்."

"அம்புட்டுப் பேரா!" விரலை மடக்கி எண்ணப் பார்த்தார். "ஒருத்தரையும் தெரியாதே எனக்கு."

வசுந்தரா பேனாவைத் திறந்தாள். "உங்க இருபத்து மூணு பேரையும் யாரும் வந்து பார்க்கத் தேவையில்லைன்னு எழுதப்போறேன். மத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுக்கணும். மறக்காம மாத்திரை போட என்னய்யா செய்றீங்க?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் பையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

உள்ளே கத்தைகத்தையாக மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஏன்யா?"

"பிரஷரு எறங்கிருச்சுன்னா, புதங்கெழம புதங்கெழம என் பேரைச் சொல்லி யாரு தாயி கூப்பிடுவா?"