ஆபத்து மணி

"அந்த ரூம்ல இருக்கிற ஆளோட பார்வையே சரியில்லைக்கா," என்றாள் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் புதுப்பெண்.

"பயப்படாதே. கதவைத் திறந்தே வை. ஏதாவதுன்னா கழுத்துல தொங்குற பட்டனை அமுக்கு, பறந்து வந்துடறேன்," என்று தைரியம் சொல்லி அனுப்பினாள் சூப்பர்வைசர்.

சிறிது நேரத்தில் மணி அலறியது. சூப்பர்வைசர் பதறியடித்து ஓடினாள். அறை வாசலில் அந்த ஆளின் கைகளில் புதுப்பெண் துவண்டு கிடந்தாள்.

"விடுடா அவளை!" என்று சட்டையைப் பிடித்தாள்.

"நான்தாம்மா பட்டனை அமுக்கினேன்," என்று இருமினார் அவர். "பாத்ரூம் கழுவும்போது இந்தப் பொண்ணு மயங்கி விழுந்துருச்சு. உள்ளே அப்படி ஒரு நெடி!"

காற்றுப் பட்டதும் புதுப்பெண் மெல்லக் கண் திறந்தாள்.

"பாத்ரூம் கழுவ நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான்க்கா செஞ்சேன். கறை போகட்டும்னு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா கலந்து ஊத்தினேன்."

சட்டையைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது.