கூரைச் சக்கரத்தில் ஒரு கூடு

இருதயராஜ் தன் வீட்டு மொட்டை மாடியில் தொலைநோக்கிக்கென்று ஒரு சின்ன அறை கட்டியிருந்தார். சக்கரங்களில் ஓடும் கூரையைத் தள்ளினால் வானம் தெரியும். ஐப்பசியும் கார்த்திகையும் மழையிலேயே போயின. கூரை மூடியே கிடந்தது. மார்கழியில் வானம் வெளுத்ததும் தொலைநோக்கிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கூரையைத் திறக்க வந்த இருதயராஜ், ஒரு சக்கரத்தை ஒட்டி ஓர் அணில் கூடு கட்டிக் குட்டிகள் போட்டிருப்பதைப் பார்த்தார். "சரி, பொங்கல் கழியட்டும்" என்று இறங்கிப் போய்விட்டார்.

"உன்னால என் சீசனே போச்சு!" என்று பொருமியது தொலைநோக்கி.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. மூணு குட்டிங்க. யாரு மாதிரி இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்களேன்" என்றது அணில்.

தொலைநோக்கி பார்த்தது. பக்கத்தில் இருந்ததால் ஒரே மங்கல். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "சனியோட வளையத்தைப் பார்க்கிறவன் நான். இதுக்கெல்லாம் நேரமில்ல" என்று சமாளித்தது.

குட்டிகள் அதன் குழாய்மேல் ஏறி விளையாடின, அங்கேயே தூங்கின. பொங்கல் கழிந்து ஒருநாள் வெளியே ஓடிவிட்டன. அன்று சாயங்காலம் கூரை திறந்தது. இருதயராஜ் சரிபார்ப்பதற்காகத் தொலைநோக்கியைத் தூரத்துத் தென்னைமரத்தின் பக்கம் திருப்பினார். மட்டையில் மூன்று அணில் குட்டிகள்!

"அடடே, முதுகுல கோடெல்லாம் இருக்கே!" என்றது தொலைநோக்கி.

"இத்தனை நாளா உங்க மேலதானேண்ணே கிடந்துச்சுங்க!" என்றது சுவர்மேல் இருந்த தாய் அணில்.

வியாழன் தெரிந்ததும் இருதயராஜ் குழாயை அந்தப் பக்கம் தள்ளினார். தென்னையை விட்டு அது அசையவில்லை.

"மழையில கிரீஸ் இறுகிப்போச்சு போல" என்று முணுமுணுத்தபடி எண்ணெய் எடுக்கக் கீழே போனார்.