புளி இல்லாத மீன் கொழம்பு

"இன்னாய்யா கொழம்பு இது? புளியே இல்ல! மீன் விக்கிறவ புருஷன்னு வெளிய சொல்லாத!"

"வாய மூடிக்கினு துன்னு மேரி!"

அடையாறுல ஒரு ஆஸ்பத்திரி. இனிமே குணமாகாதவங்க இருக்கிற வார்டு. எங்க அண்ணனுக்கு அடுத்த பெட்டு லூர்துமேரியம்மா. சாகக் கிடக்கிற பொண்டாட்டிகிட்ட ஏசுராஜ் இப்படியா பேசுறது? எனக்குக் கோவம் வந்துடுச்சு. பேசவும் முழுங்கவும் பழக்கிவிடுற ஸ்பீச் தெரபி எஸ்தர் மேடம்கிட்ட போட்டுக் குடுத்தேன்.

அவங்க சிரிச்சாங்க. "புளி போடாதீங்கன்னு சொன்னதே நான்தான் சார். போன மாசம் அந்தம்மாவால ஒரு வாய் முழுங்க முடியல, சத்தமும் வரல. என்ன ஆசைன்னு கேட்டேன். 'புருஷன வாய் நிறைய திட்டணும்'னு எழுதிக் காட்டினாங்க. இப்ப குரல் வந்துடுச்சு, திட்ட ஒரு சாக்கு வேணாமா?"

திரும்பிப் பாத்தேன். ஏசுராஜ் கண்ணத் தொடச்சிக்கினு, "இன்னொரு தபா திட்டு மேரி"ன்னாரு.

யாரு திட்டுறத மறுபடி கேக்கணும்னு உங்களுக்கு ஆசை? கீழ எழுதுங்களேன்.