நாற்காலி போட்ட நட்சத்திரம்

தியேட்டர் நாற்காலிகளே நட்சத்திரம் போடத் தொடங்கியதிலிருந்து, பார்த்த படத்தைப் பற்றி யாராலும் பொய் சொல்ல முடிவதில்லை. உட்கார்ந்தவரின் நாடியைப் பிடித்து, மனசு எவ்வளவு நிறைந்தது என்று பார்த்து, அவர் பெயரோடு வாசல் திரையில் போட்டுவிடும்.

மச்சினன் பரிதி எடுத்த முதல் படத்துக்கு வந்த தணிகாசலம், பெயர் ஓடும்போதே தூங்கிப்போனார். பக்கத்து வீட்டுக் கட்டட வேலையால் ஒரு மாதமாகக் கிடைக்காத தூக்கம். அந்தக் குறட்டை முன்வரிசையில் இருக்கும் தம்பிக்குக் கேட்டுவிடுமோ என்று அவர் மனைவி மரகதம் படம் முழுக்க நெளிந்துகொண்டே இருந்தாள்.

வாசல் திரையில் வந்தது: தணிகாசலம், ஐந்து நட்சத்திரம். மரகதம், அரை.

"கூடப்பிறந்தவ, நீயே இப்படிப் பண்ணிட்டியேக்கா!" பரிதி அக்காவிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். தணிகாசலத்தை இறுகக் கட்டிக்கொண்டான். "நீங்கதான் மாமா உண்மையான ரசிகர்!"

மரகதம் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் தம்பி உடைந்துபோவான். மூடிக்கொண்டாள்.

"அடுத்த படம் மூணரை மணி நேரம் மாமா. தாங்குமா?"

"தாராளமா எடு மாப்ள," என்றார் தணிகாசலம், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "சண்டை மட்டும் வைக்காத."