கோயிலுக்குள் முளைத்த கொடி

கூரை பிரிந்த மெதடிஸ்ட் கிறிஸ்தவக் கோயிலுக்குள், பீடத்து ஓரமாக ஒரு பூசணிக்கொடி முளைத்தது. வெயில் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். மழை வந்து தாலாட்டும். சுகத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் காலி பெஞ்சுகளைப் பார்க்கப் பார்க்க அதற்கு மனசு கேட்கவில்லை.

"மணியண்ணே, இங்கே இருந்தவங்க எல்லாம் எங்கே போனாங்க?"

மேலே தொங்கிய மணி கொட்டாவி விட்டது. "எல்லாம் உங்கம்மா பூசணியாலதான். விளைஞ்சதைப் படைச்சு ஏலம் விடுற அறுப்பின் பண்டிகையில அது எங்களுக்குத்தான்னு வலது பக்கப் பெஞ்சுக்காரங்களும் இடது பக்கப் பெஞ்சுக்காரங்களும் மல்லுக்கு நின்னாங்க. இடது பக்கம் கோவிச்சுக்கிட்டுப் போய் ரோட்டோரமா வேற கோயில் கட்டிக்கிச்சு. சண்டை போட ஆளில்லாம வலது பக்கமும் கலைஞ்சு போச்சு. பூசணி இங்கேயே கிடந்து அழுகிச்சு."

கொடி அன்றைக்கே கிளம்பியது. தூக்கத்தில் நடப்பதுபோலப் பெஞ்சு பெஞ்சாக ஊர்ந்தது. தை பிறந்தபோது வலது முன்பெஞ்சில் ஒரு பூசணியும் இடது முன்பெஞ்சில் ஒரு பூசணியும், ஒரே அளவில், உட்கார்ந்திருந்தன.

"மணியண்ணே, இப்போ அவங்களைக் கூப்பிடுங்க."

மணி லேசாக அசைந்து பார்த்தது. "நாக்கு இருக்கு தாயி. இழுக்கக் கயிறுதான் இல்லை."

கொடி தன் இளநுனியை மெல்ல மேலே தூக்கியது.