மூன்றாவது மாடியில் துரை

துரை பால்கனியிலிருந்து விழுவதை அவள் பார்த்தபோது, அவள் கையில் இரண்டு டன் கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

கை என்றால் க்ரேனின் கை. எழுபது மீட்டர் உயரத்தில், ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து அதை ஓட்டுகிறவள் அவள்.

துரை அவளுடைய நாய். பழுப்பு நிறம், மடிந்த காது, எதற்கும் அவசரப்படாத குணம். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

இந்தக் கட்டடத்தில் வேலை என்றதும் சம்பளம்கூடக் கேட்காமல் அவள் தலையாட்டியதற்குக் காரணம், கூண்டில் உட்கார்ந்தால் இரண்டு தெரு தள்ளி அவள் வீட்டு மூன்றாவது மாடி பால்கனி நேரே தெரியும் என்பதுதான். காலை ஏழு மணிக்குச் சாப்பாடும் தண்ணீரும் வைத்து, காற்றுக்காக பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு வந்தால், மாலை ஆறு வரை வீட்டில் துரையைத் தவிர ஆள் கிடையாது.

அக்கா போன் செய்தாலே இதே பேச்சுதான். வாயில்லா ஜீவனைப் பகல் முழுக்கப் பூட்டி வைப்பதற்குப் பதில் யாருக்காவது கொடுத்துவிடலாமே என்பாள். என் கண் முன்னால்தானே இருக்கிறான் என்று இவள் அக்காவின் வாயை அடைத்துவிடுவாள்.

அதுவும் பொய்யில்லை. ஒன்பதரை வாக்கில் திரும்பிப் பார்த்தால், பால்கனி நாற்காலியில் பழுப்பாகச் சுருண்டு கிடப்பான். அவள் கை அசைப்பாள். காற்றடிக்கிற நாட்களில் அவனும் வாலை ஆட்டுவது போல இருக்கும்.

ஆறு மாதமாக அவள் நிம்மதியாக வேலை செய்தது அந்தப் பழுப்புப் புள்ளியின் தயவில்தான்.

இன்று பதினொன்றேகாலுக்கு ஒரு காற்று வந்தது. க்ரேனே ஒரு முறை சிலிர்த்துக்கொண்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியிலிருந்த பழுப்பு எழுந்து, கம்பித் தடுப்பைத் தாண்டி, கீழே போய்விட்டது.

கட்டை இறக்காமல் கூண்டை விட்டு எழ முடியாது.

ஒன்பதாவது தளத்தில் நான்கு பேர் கம்பிக் கட்டுக்காக அண்ணாந்து நின்றார்கள். கட்டு காற்றில் ஊசலாடியது. ஆட்டம் அடங்கும்வரை பிடித்து வைத்து, அங்குலம் அங்குலமாக இறக்கினாள். அந்த இரண்டு நிமிடமும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கட்டு யார் தலையிலாவது இறங்கிவிடும்.

கொக்கியைக் கழற்றியாயிற்று என்று வாக்கி டாக்கியில் குரல் வந்ததும், வீட்டில் ஒருத்தர் மாடியிலிருந்து விழுந்துவிட்டார், போக வேண்டும் என்றாள். யார் என்று மேற்பார்வையாளர் கேட்கவில்லை. உடனே போம்மா என்றுவிட்டார்.

இருநூற்று முப்பது படி ஏணி. ஒவ்வொரு படியிலும் அக்காவின் பேச்சு காலைப் பிடித்து இழுத்தது. கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கலாம். யாரிடமாவது கொடுத்திருக்கலாம்.

ஓடித்தான் வந்தாள். தன் தெரு திரும்பியதும் ஓட்டம் நடையாகிவிட்டது.

வீட்டு வாசலில், சாலையோரத்தில், அது பழுப்பாகக் கிடந்தது. சுற்றி ஒரு கூட்டமும் இல்லை. ஒரு சைக்கிள்காரர் விலகக்கூட இல்லை, அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போனார்.

கிட்டே போய்க் குனிந்தாள்.

கம்பளி. துரை படுத்துக்கொள்கிற பழைய கம்பளி. ஓரத்துக் குஞ்சம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அதை வாரி எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் பாய்ந்தவள், கீழ்த்தளத்து சலூன் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே மூன்று சுழல் நாற்காலிகள். ஒன்று காலி. ஒன்றில் முகமெல்லாம் நுரையோடு ஒருவர். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த மூன்றாவதில், துரை.

கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தான். வாலை இரண்டு தட்டு தட்டினான். வேலை நேரத்தில் உனக்கு இங்கே என்ன என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடி கத்தியை வேடிக்கை பார்க்கத் தொடங்கினான்.

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். தண்ணீர்க் குழாய் ஏதாவது உடைந்தால் திறக்கட்டும் என்று அவள் மாற்றுச் சாவி கொடுத்து வைத்திருந்தது அவரிடம்தான்.

ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டார். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் துரை போட்ட ஊளையில் கடையில் ஒருத்தரும் உட்கார முடியவில்லையாம். அதட்டப் போனவர், கூட்டிக்கொண்டு இறங்கினாராம். அன்றிலிருந்து ஒன்பது மணிக்கு வந்து, ஐந்தரைக்கு மேலே போய்விடுவான். அவனைக் கூட்டி வரும்போதே கம்பளியை வெயிலில் காய நாற்காலியில் போட்டுவிட்டு வருவது வழக்கம். இன்று கிளிப் மாட்ட மறந்துவிட்டார்.

"கேக்காம வீட்டத் தொறந்தது தப்புதான். என்னத் திட்டும்மா, வாங்கிக்கறேன். அவன் வர்றத மட்டும் நிறுத்திடாத."

நுரைக்காரர் கண்ணைத் திறக்காமலேயே, அவன் இல்லாவிட்டால் நானே வேறு கடை பார்த்துக்கொள்வேன் என்றார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். சிரிப்புதான் வந்தது. ஆறு மாதமாக ஒரு கம்பளிக்குக் கை அசைத்திருக்கிறாள். கம்பளியை நம்பி அக்காவோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

விசிறிக் காற்று, ரேடியோ, ஊர்க்கதை பேசுகிற மனிதர்கள். வாரத்தில் ஆறு நாள் துரைக்கு என்ன குறை?

மிச்சம் ஒரு நாள் இருக்கிறது. அவளுடைய விடுமுறை நாள். அன்றைக்குக் காலையிலிருந்தே வாசல் கதவைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பான், கூப்பிட்டாலும் எழமாட்டான். வாரமெல்லாம் தன்னைக் காணாத ஏக்கம் என்று நினைத்து, அவள் வீட்டை விட்டே நகராமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்குக் கடை தொறப்பீங்கண்ணே?"