கள்ளியின் தலையில் காகிதப் பூ

"எவன் என் தலையில் பசையை ஊற்றினானோ, அவன் கையில் என் முள் ஏறட்டும்," என்று திட்டியது உருண்டைக் கள்ளி. சீக்கிரம் விலைபோகட்டும் என்று நர்சரியில் யாரோ அதன் உச்சியில் காகிதப் பூவை ஒட்டிவிட்டிருந்தார்கள். பங்குனி பிறந்ததும் உள்ளே நிஜ மொட்டு முட்டியது. பசையோ கல்லாக இறுகிக் கிடந்தது.

"மொட்டு உள்ளேயே அழுகிப்போகுமே அக்கா," என்றது கள்ளி.

பக்கத்தில் மஞ்சளாய்ப் பூத்து நின்ற ஆவாரை, "ஊரையே குத்துகிறவள் இதுக்கா அழுவாய்? உச்சியை அடைத்தால் விலா வழியாக வெளியே வாடி," என்றது.

கள்ளி மூன்று நாள் முண்டியது. நாலாம் நாள் காலையில் அதன் விலாவில் ரோஸ் நிறப் பூ விரிந்தது. கள்ளிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஒரு தேனீ காகிதப் பூவை முகர்ந்துவிட்டு, கீழே இறங்கி நிஜப் பூவுக்குள் புகுந்தது.

செடி வாங்க வந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். "மேலே இருக்கிறது நல்லாயிருக்கு. கீழே இருக்கிறது ஒட்டினது போல."

ஆவாரை குலுங்கிச் சிரித்தது. கள்ளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"தேனீக்குத் தெரியும், அது போதும் அக்கா. ஆனாலும் ஒட்டினவனை விடமாட்டேன். அவனே வந்து, அவன் பூவை அவன் கையாலேயே பிய்த்துக்கொண்டு போகட்டும்."